கண்ணாடியின் பின்பக்கம்

எனக்குக் கோபம் அதிகம் என்று சொல்கிறார்கள். ஜெட்டோடு ஒரே மேஜையில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ஜெட் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எங்கள் லேப் வைத்தது. ஒரு கையில் கையுறை மாட்டிக்கொண்டே மறு கையால் வேலையைத் தொடங்கிவிடுவான். ஒரு குடுவையை மூடுவதற்குள் அடுத்ததைத் திறப்பான். அவன் போகிற வழியெல்லாம் ஏதாவது சிந்தியிருக்கும். அதைத் துடைத்துக்கொண்டே நான் பின்னால் போவேன். அதில் எனக்கு வந்த பட்டப்பெயர் பினாயில். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிடும் துணிச்சல் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு.

நாங்கள் செய்வது சூரிய மின்கலம். மொட்டைமாடியில் பார்க்கிற பெரிய பலகை இல்லை, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடித் துண்டு. அதன் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு இருக்கும். அந்த முகத்தில் துத்தநாக ஆக்சைடு தண்டுகளை வளர்ப்போம். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய தண்டுகள், புல் முளைத்த மாதிரி நெருக்கமாக நிற்கும். அவற்றின் மேல் ஒரு கருப்புக் கரைசலைச் சொட்டு விட்டுச் சுழற்றினால் இடுக்குகளில் இறங்கி உறைந்துவிடும். வெளிச்சத்தை உறிஞ்சுவது அந்தக் கருப்புதான். கடைசியாக மேலே வெள்ளிப் பூச்சு. எல்லாமே திடப்பொருள் என்பதால் ஒழுகாது, ஆவியாகாது. தொல்லை ஒன்றுதான். கருப்பு மெல்லிசாக இருந்தால்தான் மின்சாரம் தடங்கல் இல்லாமல் வெளியே வரும். மெல்லிசாக இருந்தாலோ வெளிச்சத்தில் ஒரு பகுதி பிடிபடாமல் தப்பித்துப் போய்விடும்.

தண்டுகளை நீளமாக வளர்த்தால் கருப்பும் அதிகம் பிடிக்கும், மின்சாரமும் தண்டு வழியே இறங்கிவிடும் என்பது என் ஆய்வு. குட்டைத் தண்டுகள் என் பங்கு, நெட்டைத் தண்டுகள் ஜெட்டின் பங்கு. நெட்டைக்குக் கண்ணாடி ஒன்பது மணி நேரம் சூடான துத்தநாகக் கரைசலில் கிடக்க வேண்டும். அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு ஊர் சுற்றலாம் என்பதால் அவன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆனாலும் அவனுடைய நெட்டைகள் என் குட்டைகளைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு அதிகமாக மின்சாரம் கொடுத்தன. அந்தப் பத்துதான் என் ஆய்வேட்டின் உயிர். அவனோ வேறு ஒரு தலைப்பில் இரண்டு வருடத்துக்கு முன்பே பட்டம் வாங்கிவிட்டு, அதே மேஜையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் பதினோரு நாள் மிச்சம். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது, கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று அலுவலகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. அண்ணன் வீட்டில் ஓர் அறையை ஏழு வருடமாக அடைத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணன் அவளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவான். "நிலாவுக்குப் போனவன்கூட மண்ணெடுத்துட்டுத் திரும்பி வந்துட்டான். நீ எப்பம்மா வருவ?" என்பான். சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன்.

அன்று காலை, ஆய்வேட்டில் போடுவதற்கு ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. இருப்பதிலேயே சிறந்த கலம் ஜெட் செய்தது, நாற்பத்தொன்றாம் எண். எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். தண்டு வளர்ப்பதற்கு முன்னால் கண்ணாடியை ஒரு விதைக் கரைசலில் முக்கி எடுப்போம். முக்கினால் இரண்டு பக்கமும்தானே நனையும்? அதனால் வேண்டாத பின்பக்கத்திலும் தண்டு முளைத்துவிடும். நீர்த்த அமிலத்தில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அதைத் துடைத்துவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. இதுவரை நானூறு கலங்களுக்கு மேல் செய்திருப்பேன். ஒன்றைக்கூடத் துடைக்காமல் விட்டதில்லை என்று யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன்.

வெளிச்சம் உள்ளே போவதே அந்தப் பின்பக்கம் வழியாகத்தான். ஜன்னலில் அழுக்கு இருந்தும் பயலுக்கு இவ்வளவு வருகிறது என்றால், துடைத்தால் இன்னும் ஏறுமே என்று நினைத்தேன். துடைத்தேன். பளிச்சென்று ஆனது. படம் எடுத்தேன். பிறகு செயற்கைச் சூரியன் என்று நாங்கள் சொல்கிற விளக்கின் கீழே வைத்து அளந்தேன்.

முன்பு இருபத்திரண்டு மில்லிஆம்பியர் மின்சாரம் இருந்த இடத்தில் இப்போது இருபது.

விளக்கின் மேல் சந்தேகப்பட்டேன். அது ஒரு சனியன், அரை மணி நேரம் சூடாகாவிட்டால் ஒழுங்காக எரியாது. அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி அளந்தேன், இருபது. கம்பிகளைக் கழற்றி மாட்டினேன், இருபது. அவனுடைய பெட்டியிலிருந்து இன்னும் நான்கு எடுத்து அளந்து, துடைத்து, மறுபடி அளந்தேன். நான்கும் இருபதுக்கு இறங்கி நின்றன. என்னுடைய குட்டைத் தண்டுகள் கொடுப்பதும் அதே இருபதுதான்.

நெட்டைக்கும் குட்டைக்கும் வித்தியாசமே இல்லை. அந்தப் பத்துப் பங்கைக் கொடுத்தது பின்பக்கத்து அழுக்கு. வெறும் கண்ணாடியில் பட்டு வெளிச்சம் கொஞ்சம் திரும்பிப் போகும். இந்த வெள்ளைப் படலம் அதைத் திரும்பவிடாமல் சிதறடித்து உள்ளே தள்ளியிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஜெட் வாயில் எதையோ மென்றுகொண்டு வந்தான்.

"என்ன பினாயில், பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?"

"உன் கண்ணாடியோட பின்பக்கத்தை நீ துடைக்கவே மாட்டியா?"

"எதுக்கு?"

"எதுக்கா? அங்க தண்டு முளைச்சிருக்குடா! மூணு வருஷமா நீ துடைக்கல, நான் துடைச்சேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நீளத்தாலதான் வித்தியாசம்னு ஒரு கட்டுரையே போட்டிருக்கோம். உன் பேரும் இருக்கு அதுல!"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். ஐந்து கலங்களின் அளவுகளையும் பார்த்தான். அவன் ஒரு தாளை முழுசாகப் படித்து நான் பார்த்தது அன்றுதான். படித்து முடித்ததும் சுவரைக் காட்டினான். கலம் செய்யும் முறை அங்கே ஒட்டியிருந்தது. பதினாறு படிகள், நான் எழுதியது, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியதும் நான்தான்.

"ஏழாவது, தண்டு வளர்க்கவும். எட்டாவது, நீரில் கழுவவும். கழுவினேன். ஒன்பதாவது, உலர்த்தவும். உலர்த்தினேன். துடைன்னு எங்க இருக்கு, காட்டு."

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் தேடினேன். இல்லை. கடைசி வரியில் தேடினேன், இல்லை.

"இதையெல்லாம் எழுதணுமா? மனுஷனா பொறந்தவன் துடைக்க மாட்டானா?"

"நீ எழுதினதைத்தான் செஞ்சேன் தாயே. வேற எதுக்குத் திட்டினாலும் வாங்கிக்கிறேன், இதுக்கு வாங்கிக்க மாட்டேன்."

அவன் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பல் துலக்கு, மூச்சு விடு என்று எழுதவில்லை, அது மாதிரி இதையும் எழுதவில்லை. துடைப்பது எனக்கு ஒரு படியாகவே தோன்றியதில்லை.

மத்தியானம் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனேன். அவர் எதைக் கேட்டாலும் முதலில் திட்டிவிட்டுத்தான் யோசிப்பார். அன்று திட்டத் தொடங்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பதினோரு நாள் இருக்கு. இப்ப வந்து தண்டு நீளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்ற. உன்னை யாரும்மா துடைக்கச் சொன்னது?"

"அழுக்கா இருந்துது சார்."

"அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே! ஏழு வருஷம் தூங்கிட்டு இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?" எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "சரி, இப்படியே விட்டா ஒரு தப்பு முடிவு. மாத்தி எழுதணும்னா நாலு வரிசை வேணும். நெட்டை துடைக்காதது, இருக்கு. நெட்டை துடைச்சது, இப்ப செஞ்சுட்ட. குட்டை துடைச்சது, மலை மாதிரி குவிச்சு வச்சிருக்க. குட்டை துடைக்காதது எங்க? அது இல்லாம அழுக்குதான் காரணம்னு நீ எழுதினா, அமிலம் பட்டுக் கலமே கெட்டுப்போச்சுன்னு ஒரே வரியில அடிச்சுடுவாங்க."

"செஞ்சிடறேன் சார். நாலு நாள் போதும்."

போதும்தான், வெள்ளி பூசுகிற வெற்றிடப் பெட்டி வேலை செய்தால். அதன் பம்ப் போன வாரம்தான் ரிப்பேருக்குப் போயிருந்தது. மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"வந்துடும் மேடம்."

"எப்ப?"

"ஒரு சின்ன ரப்பர் வளையம் வரணும். அது வந்துட்டா மாட்டிட வேண்டியதுதான்."

"அது எப்ப வரும்?"

"மூணு வாரம் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடியும் வரலாம், சொல்ல முடியாது."

மறுநாளும் போட்டேன், அதற்கடுத்த நாளும் போட்டேன். நான்காம் நாள் அவர் எடுக்கவில்லை. ஊரில் இன்னும் இரண்டு லேப்களில் அந்தப் பெட்டி இருந்தது. ஒன்றில் அடுத்த மாதம் வரைக்கும் இடமில்லை. இன்னொன்றில் விண்ணப்பம் கொடுங்கள், குழு கூடி முடிவு செய்யும் என்றார்கள். குழு எப்போது கூடும் என்று கேட்டேன். குழுத் தலைவர் விடுமுறையில் இருக்கிறாராம்.

ஆறு நாள் இப்படியே போயிற்று. பேசாமல் பழையதையே கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது, மறைக்கவில்லை. எல்லாம் தயாராக இருந்தது. அச்சுக்கடைக்கு அனுப்ப ஒரு பட்டனைத் தட்டினால் போதும். கையை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தப்பு என்று தெரிந்த ஒன்றைக் கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்துக் கொடுக்க எனக்கு முடியவில்லை. இதை நேர்மை என்று சொல்லிப் பெருமை தேடவில்லை. சிந்தியதைத் துடைக்காமல் விட்டுவிட்டுப் போகிறவனைப் பார்த்தால் வருகிற அதே எரிச்சல்தான்.

எட்டாம் நாள் மத்தியானம் ஜெட் தன் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்த எட்டு நாளும் அவன் தன் வேலையைப் போட்டுவிட்டு எனக்காக அலைந்துகொண்டிருந்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நல்லா யோசி. நீ ஒரு தடவைகூடத் துடைக்காம விட்டதில்லையா?"

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"சரி, துடைக்கணும்னு உனக்கு யாரு சொன்னா? பொறக்கும்போதே பஞ்சுக் குச்சியோடயா பொறந்த?"

கோபமாக வாயைத் திறந்தேன். யாரும் சொல்லவில்லைதான். சேர்ந்த புதிதில் எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. முதல் தடவை வளர்த்துப் பார்த்துவிட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருப்பது பிடிக்காமல் நானாக ஆரம்பித்ததாகத்தான் இருக்க வேண்டும். அவனிடமும் அதைச் சொன்னேன்.

"அப்ப அந்த முதல் தடவை?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்துகொண்டிருந்தான். என் முதல் குறிப்பேடு ஒட்டடையோடு வந்தது. மேஜை மேல் அப்படியே போட்டான், நான் திட்டவில்லை. வேகமாகப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்திச் சத்தமாகப் படித்தான்.

"குட்டைத் தண்டு, மூணு மணி நேரம். எட்டுக் கலம். இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்தொண்ணரை. இருபத்திரண்டேகால்..."

"கொடு இங்க."

"இரு. கீழ சிவப்புல என்னமோ எழுதியிருக்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தான். "பின்பக்கம் அழுக்கு. அளவுகளை நம்ப முடியாது. கணக்கில் சேர்க்க வேண்டாம். இனித் துடைக்கவும்."

பிடுங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அடிக்கோடு வேறு போட்டிருந்தேன், அளவுகோல் வைத்து. தேதி, நான் சேர்ந்த நான்காம் மாதம்.

நான் தேடிய வரிசை கிடைத்துவிட்டது. குதிக்க வேண்டிய நேரம். ஆனால் நான் அந்தப் பக்கத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். நான்காம் மாதமே என் கையில் வந்த விடையை வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு செய்த ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து அதைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். அண்ணனுடைய கேலி, அண்ணியின் பொறுமை, இரண்டு நீட்டிப்புக் கடிதங்கள், முப்பத்தைந்து வயது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். ஜெட் என் முதுகில் தட்டலாமா வேண்டாமா என்று கையை எடுத்து எடுத்துக் கீழே போட்டான். கடைசியில் ஒரு டிஷ்யூ பெட்டியை நகர்த்திவைத்துவிட்டு, அந்த எட்டுக் கலங்களும் எங்கேயாவது இருக்கின்றனவா என்று தேடப் போனான்.

இருந்தன. அவன்தான் கண்டுபிடித்தான், ஒரு மருந்துப் பெட்டிக்குள், பஞ்சு வைத்து. கலங்கள் எப்போதோ செத்திருந்தன, மின்சாரம் வரவில்லை. ஆனால் பின்பக்கத்து வெள்ளை அப்படியே இருந்தது. அதிலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்புகிறது என்று அளக்க முடியும். அளந்தோம். துடைத்த கண்ணாடியிலிருந்து திரும்புவதில் கால்வாசிகூட இல்லை. ஜெட்டின் நெட்டைகளிலும் அதே அளவுதான். பிறகு இரண்டரை நாள் நான் வீட்டுக்குக் குளிக்க மட்டும் போனேன். அந்த அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுதினேன். செய்முறையில் துடைப்பதை எழுதாமல் விட்டது என் தவறு என்று எழுதினேன். பழைய கட்டுரைக்குத் திருத்தம் கேட்டு ஒரு கடிதமும் எழுதி, அதில் ஜெட் படிக்காமல் கையெழுத்துப் போடப் போனபோது பேனாவைப் பிடுங்கி முழுசாகப் படிக்க வைத்தேன்.

கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்கு சார் முன்னால் நின்றேன். அலுவலகக் கவுன்ட்டரை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"வரும்போதே இப்படி நாக்குத் தள்ள வந்து நிக்கணுமா? நேத்தே கொண்டுவந்தா என்ன?" என்று ஆரம்பித்தார். தாள்களைப் புரட்டினார். நான்கு வரிசை அட்டவணையில் நின்றார். "குட்டை, துடைக்காதது. எட்டுக் கலம். பம்ப் வந்துடுச்சா?"

"இல்ல சார். அது பழசு."

"பழசுன்னா?"

"சேர்ந்த நாலாவது மாசம் செஞ்சது."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாலாவது மாசமே இது உன்கிட்ட இருந்துதா? இருந்துமா இத்தனை வருஷம் என் உயிரை வாங்கின? கண்ணை எங்கம்மா வச்சிருந்த? எடு அந்த நோட்டை. எடு, நான் பார்க்கணும்."

கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்துதான் கொடுத்தேன். எங்கள் லேபில் வெள்ளிக்கிழமைதோறும் எல்லோருடைய குறிப்பேட்டையும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வழக்கம். என் சிவப்பு எழுத்துக்குக் கீழே பச்சை மையில், அவருடைய அவசரக் கிறுக்கலில், "சரி" என்று இருந்தது. பக்கத்தில் கையொப்பம், தேதி.

இன்னும் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. அந்தப் பச்சை எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்றரை ஆகியிருந்தது.

பிறகு பேனாவைத் திறந்து, இருந்த நான்கு பிரதிகளிலும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார். தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"போம்மா. மூடிடப் போறாங்க" என்றார்.

ஏழு வருடத்தில் அவர் என்னைத் திட்டாமல் அனுப்பியது அன்று ஒரு நாள்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.